வெள்ளையாக வந்த குச்சி

பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காத்தவராயன் இரண்டு தடவை குளித்தார். முதல் குளியல் எப்போதும் போல. இரண்டாவதற்கு, அரை வாளித் தண்ணீரில் டெட்டாலைப் பால் மாதிரி கலங்கும்வரை ஊற்றி, இடுப்புக்குக் கீழே மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வாடை அந்தச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் முன்வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

"இன்னாங்க, ஆஸ்பத்திரிய வீட்டுக்கே இட்டாந்துட்டீங்களா?" என்று எல்லம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பெரிய டாக்டராண்ட போறோம். சுத்தமா போவ வேணாமா?"

அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

அவருக்குக் கணையத்தில் கட்டி. கணையம் இரைப்பைக்குப் பின்னால், குறுக்கே படுத்த மீன் மாதிரி இருக்கிற ஓர் உறுப்பு. அதன் தலைப்பக்கம் சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். கல்லீரலிலிருந்து பித்தம் கொண்டுவரும் குழாய், அந்தத் தலையைத் துளைத்துக்கொண்டுதான் குடலுக்கு வந்து சேர்கிறது. தலையில் ஒரு கட்டி முளைத்தால் குழாய் நசுங்கும். போக வழியில்லாத பித்தம் திரும்பி ரத்தத்தில் ஏறும். காத்தவராயனுக்கு அப்படித்தான் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. மஞ்சள் காமாலை என்று நினைத்து எல்லம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். அது கேட்காமல் கோலாருக்குப் போனார்கள். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "பெங்களூர் போங்க, தாமதிக்காதீங்க" என்றார்கள்.

பெங்களூரில் முதல் வேலையாக, நசுங்கிய இடத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயைச் செருகினார்கள். பித்தம் இறங்கியது, கண் வெளுத்தது, அரிப்பும் நின்றது. "இத்தோட ஆயிடுச்சு" என்று காத்தவராயன் நம்பிக்கொண்டிருந்தபோதுதான், கட்டியை எடுக்க ஆபரேஷன் உண்டு, அது பெரிய ஆபரேஷன் என்று டாக்டர் விநாயக் சொன்னார். கூடவே, அதற்கு முன்னால் ஒரு பஞ்சுக் குச்சிப் பரிசோதனை இருக்கிறது என்றார்.

அந்தக் குச்சியை ஆசனவாயில் விட்டு எடுக்க வேண்டும்.

காத்தவராயன் டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். "குடல்ல என்ன கிருமி இருக்குன்னு பாக்கணும். மருந்துக்கு அடங்காத கிருமி ஏதாவது கிடைச்சா..." என்று டாக்டர் தொடங்கினார். அந்த 'கிடைச்சா'வோடு காத்தவராயனின் காது அடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் டாக்டர் சொன்ன எதுவும் உள்ளே போகவில்லை.

இரண்டு தடவை குளித்துவிட்டு மறுபடி போன அன்று ஒரு நர்ஸ் திரையை இழுத்து மூடி, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். "நானே எடுத்துத் தரேம்மா" என்று காத்தவராயன் குச்சியை வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போனார். அங்கே இன்னொரு முறை கழுவினார். குச்சியை மேலோடு தொட்டும் தொடாமலும் எடுத்து, டியூபுக்குள் விட்டு மூடிக் கொடுத்தார். பஞ்சு உறைக்குள் இருந்தபோது எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு வெள்ளையாக இருந்தது. ரயிலில் திரும்பும்போது எல்லம்மா கொடுத்த எலுமிச்சை சாதத்தை ருசித்துச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து மகன் சரத் பெங்களூரிலிருந்து போன் செய்தான். அவனுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை; பேச்சில் பாதி கன்னடம் கலந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரி அவன் நம்பரைத்தான் வைத்திருந்தது.

"அப்பா, லேப்ல பாத்தாங்களாம். குச்சில ஒண்ணுமே இல்லியாம்."

"பாத்தியா!" காத்தவராயன் எல்லம்மா பக்கம் திரும்பினார். "ஒண்ணுமே இல்லியாம். நான் தான் சொன்னேனே."

"அய்யோ, அது குட் நியூஸ் இல்லப்பா. சாம்பிளே இல்லேன்னு ரிஜெக்ட் மாடி அனுப்பிட்டாங்க. திரும்பி எடுக்கணும். அது இல்லாம ஆபரேஷன் டேட் கன்ஃபர்ம் பண்ண மாட்டேங்கறாங்க."

"ஒரு தடவ குடுத்தாச்சு. இன்னொரு தடவ முடியாது."

"அப்பா, ஸ்வல்ப கேளுங்க..."

காத்தவராயன் போனை எல்லம்மா கையில் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டார். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று சாம்பல் நிறத் தூசியை வாரிக்கொண்டு வந்தது. துவைத்துக் காயப்போட்ட துணிகளை உதறி உள்ளே எடுத்துப் போட்டார். ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார்.

அடுத்த நாள் சாயங்கால ரயிலில் இறங்கி, நேராக மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் இருந்த காத்தவராயன் வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெயசீலி. பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீஃப்ஸ்காரி. அதே ஆஸ்பத்திரியில், ஒரு நோயாளியின் கிருமி இன்னொருவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிற பிரிவில் நர்ஸ். தன் ஊரான கேஜிஎஃப் தங்கவயல் நோயாளி ஒருவர் குச்சியை வெள்ளையாகக் கொடுத்துவிட்டு இப்போது வரமாட்டேன் என்கிறார் என்று கேள்விப்பட்டதும், டாக்டரிடம் சொல்லிவிட்டு, புதுக் குச்சி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தினமும் போய்வருகிற வழிதானே என்பது அவள் கணக்கு.

"மைன் மூடினப்புறம் நீங்க ஒயிட்ஃபீல்டுல செக்யூரிட்டியா இருந்தீங்க தானேண்ணா? காலைல அதே வண்டில பாத்துக் கீறேன். ஜன்னல் சீட்டுக்கு சண்ட போடுவீங்க."

"சண்டல்லாம் இல்ல. கேப்பேன்," என்றார் காத்தவராயன். அவள் மடியிலிருந்த பையை விட்டு அவர் கண் நகரவில்லை.

எல்லம்மா டீயை வைத்துவிட்டுப் பட்டென்று கேட்டாள். "ஏம்மா, அந்தக் கருமத்த எடுக்காம ஊசியப் போட்டு ஆபரேஷன் செஞ்சா இன்னா?"

ஜெயசீலி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி டீயைக் கீழே வைத்தாள்.

"செய்யலாங்க்கா. எந்த ஊசியப் போடறதுன்னு தான் தெரியாது."

அவள் சொன்னது இது. நம் எல்லார் குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை சாது, சோறு செரிக்கக்கூட உதவும். ஆனால் நாம் தும்மினாலும் இருமினாலும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இருந்ததில், சில கிருமிகள் அந்த மாத்திரைகளை உடைத்துப்போடக் கற்றுக்கொண்டுவிட்டன. கற்றுக்கொண்ட பிறகும் அவை குடலுக்குள் சும்மாதான் இருக்கும். காய்ச்சல் வராது, வலி வராது, இருப்பதே தெரியாது. வேறிடத்துக்குப் போனால்தான் வம்பு.

"ஒங்க விசயத்துல அதுங்க வேறெடத்துக்குப் போறதுக்கு வழி வெச்சாச்சுண்ணா. பித்தக் கொழா குடல்ல வந்து சேர்ற எடத்துல இயற்கையாவே ஒரு கதவு கீது. பித்தம் வெளிய வரும், குடல்ல கீறது உள்ள போவாது. இப்ப அந்தக் கதவு சந்துல பிளாஸ்டிக் கொழாய சொருவி வெச்சிக் கீறோம். கதவு மூடாது. குடல்ல கீறது மேல ஏறிப் போயி பித்தத்துல கூடு கட்டிக்கும்."

"வெச்சது நீங்க. குத்தம் எங்க மேலயா?" என்றாள் எல்லம்மா.

"வெக்கலேன்னா காமாலையே ஆள முடிச்சிருக்குங்க்கா. குத்தம் யாரு மேலயும் இல்ல." ஜெயசீலி விரல்களைக் கோத்துக் காட்டினாள். "ஆபரேஷன்ல பித்தக் கொழாய அறுத்துட்டு, கணையத்தயும் குடலயும் புதுசா சேத்துத் தைப்பாங்க. கணையத்துலேர்ந்து வர்றது கறியவே கரைக்கிற தண்ணி. தையல் கொஞ்சம் கசிஞ்சாலும் கஷ்டம் தான். அங்க மருந்துக்கு அடங்காத கிருமியும் சேந்துகிச்சுன்னா வயித்துக்குள்ள சீழ் புடிக்கும். ரத்தத்துல ஏறிச்சுன்னா உசுருக்கே ஆபத்து. அதுக்குத் தான் கத்தி வெக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஊசியப் போட்டு ரத்தத்துல மருந்த ரெடியா நிறுத்தறோம். வழக்கமா போடற ஊசிக்கு ஒங்க கிருமி அடங்கலேன்னா, ஊசி போட்டதும் போடாததும் ஒண்ணு தான்."

எல்லம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கேட்டது போதும் என்று இருந்தது அவளுக்கு. காத்தவராயன் மட்டும் அசையவில்லை.

"குச்சிய வெச்சு எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?" என்றார். அது சம்மதமில்லை, பேச்சை நீட்டுவதற்கான கேள்வி.

ஜெயசீலிக்கோ அது போதுமாக இருந்தது. "கடல்பாசி தெரியுமாண்ணா? பாய் வீட்டுல நோம்புக்குச் செய்வாங்களே, வழவழன்னு? அதே சாமானு தான். அத்த சின்னத் தட்டுல ஊத்தி ஒறைய வெப்போம். கிருமிக்குத் தீனியும் கலப்போம், வழக்கமான மருந்தயும் கலப்போம். குச்சிய அது மேல தேச்சி, ஒடம்பு சூட்டுல ஒரு ராத்திரி வெச்சா, சாதுவான கிருமி மருந்துல செத்துடும். எது வளந்து நிக்குதோ அது அடங்காதது. அது கண்ணுக்குத் தெரியட்டும்னு ஒரு சாயம் வேற. ஒவ்வொரு ஜாதிக் கிருமி ஒவ்வொரு நெறத்துல புள்ளி புள்ளியா வரும். நம்ம தேடறது ரோஸ் கலருல வரும். அப்புறம் எந்த மருந்துக்கு அது சாவுதுன்னு பாத்து அந்த ஊசியப் போடுவோம்."

"சோத்துலயே வெஷம் வெக்கறீங்க."

"அதே தான்!" அவள் சிரித்தாள். "ஆனா தட்டுல தேய்க்கறதுக்கு குச்சில ஏதாவது ஒட்டியிருக்கணுமேண்ணா. நீங்க குடுத்த குச்சிய லேப்ல பாத்துட்டு, டெட்டால் வாட அடிக்குதுன்னு கேட்டுக்கினு இருந்தாங்க."

எல்லம்மா சட்டென்று கணவனைப் பார்த்தாள். இரண்டாவது குளியல் எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "அடப்பாவி மனுசா! அதுக்குத் தானா? எதுக்குய்யா இப்பிடி?"

காத்தவராயன் எழுந்து நின்றார். பேசாமல் போய்விடுவார் போலிருந்தது. ஆனால் சின்ன வீட்டில் போவதற்கு இடம் எங்கே இருக்கிறது? கதவோரம் சுவரில் கைவைத்து நின்றபடியே பேசினார்.

"எதனா கெடச்சா இன்னா செய்வாங்க? வெளிய அனுப்புவாங்க. நான் பாக்காததா? மைன்ல கேஜ் எங்கள ஏத்திக்கினு மேல வந்ததும், தங்கத்த ஒளிச்சி வெச்சிக் கீறோமான்னு பாக்க வரிசைல நிறுத்துவாங்க. தலைல கீறத எடுக்கணும், சட்டயக் கழட்டணும், டிபன் டப்பாவத் தொறந்து காட்டணும். ஒண்ணும் இல்லாதவன் வீட்டுக்குப் போவான். கெடச்சவன் அத்தோட சரி, வேலயும் போச்சு பேரும் போச்சு. ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒண்ணும் இல்லாம வெளிய வந்தவன் நான்."

சுவரில் வைத்த கையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"ஒரு நாளு எவனோ எம்பேரச் சொல்லிட்டான். தனியா இட்டுகினு போயி குனியச் சொன்னாங்க. கை போட்டுப் பாத்தாங்க. இன்னா கெடைக்கும்? ஒண்ணுமில்ல. போடான்னாங்க. வெளிய வந்தா, வரிசைல நின்ன அத்தினி பேரும் வேற பக்கம் பாக்கறான். கூட வேல செய்யறவன், எங்கூட ஒரே தட்டுல துன்னவன், அவனும் பாக்கல." சுவரிலிருந்து கையை எடுத்தார். "சாவறதுன்னா சாவறேன். இன்னொரு தடவ குனிய மாட்டேன்."

எல்லம்மா மெதுவாகக் கேட்டாள். "சரத்துக்குக் காது குத்தின வருசமா அது? சோறு துன்னாம சுவத்தப் பாத்துப் படுத்துக்கினியே. நான் கொழம்பு கெட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கினேன்."

இத்தனை வருஷமாக அவள் வாயில் 'நீ' வந்து அவர் கேட்டதில்லை என்பது மட்டும் அவருக்குள் எங்கோ பதிந்தது.

ஜெயசீலி கொஞ்ச நேரம் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். இது அவள் விளக்கத்தில் இருந்த ஓட்டை. கிருமியைப் பற்றி இத்தனை சொன்னவள், கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் ஆளை என்ன செய்வார்கள் என்பதைச் சொல்லவே இல்லை.

"அண்ணா, மைன்ல ஆபீசருங்கள அந்த வரிசைல நிறுத்துவாங்களா?"

"அவுங்கள எவன் நிறுத்துவான்?"

"எங்க ஆஸ்பத்திரில இந்த டெஸ்ட ஆரம்பிக்கறப்ப, தட்டு சரியா வேல செய்யுதான்னு பாக்க மொதல்ல நாங்க தான் குச்சி குடுத்தோம். நர்சு, வார்டு பாய், டாக்டருங்க, எல்லாரும். யாருக்கு இன்னா வந்துச்சுன்னு நான் சொல்லக் கூடாது. என்னுத மட்டும் சொல்றேன்." அவள் நேராக அவரைப் பார்த்தாள். "எங்கிட்ட கீதுண்ணா. தட்டு பூரா ரோஸ். கல்யாண வூட்டுல கோலம் போட்ட மாதிரி."

காத்தவராயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெளுத்த சுடிதார், ரயில் பாஸ் தொங்கும் கழுத்து, வியர்த்த நெற்றி. நோயாளி மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

"வேலய வுட்டு எடுக்கலியா?"

"எதுக்கு எடுக்கணும்? சோப்பு போட்டுக் கை கழுவறேன், வேல செய்யறேன், வூட்டுக்கு வந்து கருவாட்டுக் கொழம்பு வெக்கறேன். நாளைக்கே எனக்கு ஒரு ஆபரேஷன்னா, எங்கிட்ட இது கீதுன்னு நானே மொதல்ல சொல்லுவேன். அப்ப தானே சரியான ஊசியப் போடுவாங்க? கெடச்சா ஒங்கள அனுப்ப மாட்டாங்கண்ணா. ஊசிய மாத்துவாங்க. அவ்ளோ தான்."

"டாக்டரும் குடுத்தாரா? அந்த விநாயக்கு?"

"குடுத்தாரு."

"குனிஞ்சா?"

ஜெயசீலிக்கு டீ புரையேறியது. எல்லம்மா அவள் தலையில் தட்டினாள். "அத்த நான் போயி பாக்கலண்ணா," என்று இருமலுக்கு நடுவே சொன்னாள். "அவரே எடுத்துக்கினு வந்தாரு. நீங்களும் நீங்களே எடுக்கலாம். குனிய வேணாம், ஒக்காந்தபடியே எடுக்கலாம். பஞ்சு முழுசா உள்ள போவணும், ஒரு சுத்து சுத்தணும். கழுவக் கூடாது. பஞ்சு கலர் மாறியிருக்கணும். அவ்ளோ தான் கண்டிஷன்."

காத்தவராயன் கையை நீட்டினார். குச்சியை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

வெகு நேரம் ஆயிற்று. இரண்டு பெண்களும் ரயில் கூட்டத்தைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள், பின்னால் எந்தச் சத்தமும் கேட்காத மாதிரி. கதவு திறந்தபோது காத்தவராயன் டியூபைப் பல்பு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி வந்தார்.

"போதுமா பாரு."

"தாராளமாண்ணா," என்று ஜெயசீலி வாங்கி, பெயரெழுதிய சீட்டை ஒட்டினாள். டியூபின் அடியில் கொஞ்சம் கூழ் இருந்தது. அது கிருமிகளைப் பெருகவும் விடாது, சாகவும் விடாது. பெங்களூர் போய்ச் சேரும்வரை உயிரோடு வைத்திருக்க அவற்றுக்குக் கட்டிக்கொடுக்கிற சோறு என்று அவள் விளக்கப்போனாள்.

"டிக்கெட்டும் எடுத்துக் குடுப்பியா?" என்றார் காத்தவராயன்.

ரோஸ்தான் வந்தது. சரத் போனில் சொன்னபோது குரலை அடக்கிச் சொன்னான், ஏதோ கெட்ட சேதி சொல்கிறவன் மாதிரி. காத்தவராயனுக்கு ஒரு கணம், அந்த மைன் வரிசையிலிருந்து யாரோ தன்னைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "தேதி குடுத்தாங்களா?" என்று கேட்டார். கொடுத்திருந்தார்கள்.

ஆபரேஷன் அறைக்குள் குளிராக இருந்தது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் அங்கே ஒரு முறை உண்டு. எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டு, நோயாளியின் பெயர், என்ன ஆபரேஷன், எந்த மருந்து ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். தவறான ஆளுக்குத் தவறான வேலை நடந்துவிடக் கூடாதே என்பதற்காக. காத்தவராயன் மல்லாந்து படுத்திருந்தார். மேலே விளக்கு. சுற்றிலும் கண் மட்டும் தெரியும் ஆட்கள். உடம்பில் ஒரு பச்சைத் துணி தவிர ஒன்றுமில்லை.

"பேர் சொல்லுங்க."

சொன்னார்.

"ஸ்வாப் ரிப்போர்ட்?" என்று ஒருவர் கேட்டார். தலைமாட்டில் நின்றிருந்த நர்ஸ் காகிதத்தைப் பார்த்து வாய் திறப்பதற்குள், காத்தவராயன் பச்சைத் துணிக்குள்ளிருந்து கையைத் தூக்கினார்.

"கீது சார். எங்கிட்ட கீது."

டாக்டர் விநாயக்கின் முகமூடிக்கு மேலே கண்கள் சுருங்கின. "கொத்து, கொத்து," என்றார் கன்னடத்தில், தெரியும் என்கிற அர்த்தத்தில். "அதுக்கு வேற ஊசி போட்டாச்சு. நீங்க நிம்மதியா தூங்குங்க."

சுற்றி நின்றவர்களில் யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை என்பதைத் தூக்கம் வருவதற்குள் காத்தவராயன் ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் பகல் முழுக்க நடந்தது. அப்புறம் வார்டில், அவர் கட்டிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பூதிகோட்டை விவசாயி அதைப் பார்த்து மிரண்டு, "ஏதாவது தொத்து வியாதியா?" என்று கேட்டார். காத்தவராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்காத அளவுக்கு மூச்சை இழுத்து, கடல்பாசியில் ஆரம்பித்தார். பித்தக் குழாயின் கதவுக்கு வந்தபோது விவசாயி தூங்கிவிட்டிருந்தார்.

தையல் கொஞ்சம் கசியத்தான் செய்தது. வயிற்றில் வைத்த குழாய் வழியாகச் சில நாட்கள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் தினமும் அதன் நிறத்தைப் பார்த்தார். கலங்கவில்லை. காய்ச்சல் வரவில்லை, சீழும் பிடிக்கவில்லை. தானாக வற்றியதும் குழாயை உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்த கட்டியில் புற்று இருந்தது. அதற்கு இனிமேல் மருந்து ஏற்ற வேண்டும். அது தனிப் பாடு. ஆனால் அந்த மருந்தைத் தாங்குவதற்கு உடம்பு வேண்டும், காயம் ஆறியிருக்க வேண்டும். ஆறியிருந்தது.

ஒரு சாயங்காலம் ஜெயசீலி ரயிலிலிருந்து இறங்கி எட்டிப் பார்த்தாள். சட்டையைத் தூக்கிக் காயத்தைப் பார்த்துவிட்டு, "ரயில் தண்டவாளம் மாதிரி நேரா தெச்சிக் கீறாரு," என்று பாராட்டினாள்.

எல்லம்மா டீயோடு வந்தாள். "ஏம்மா, அந்த ரோஸ் இன்னும் இவரு வயித்துல கீதா?"

"இருக்குங்க்கா. தானா போனா போவும். மாசக் கணக்கா தங்கினாலும் தங்கும்."

"இருந்துட்டுப் போவட்டும், வுடு," என்றார் காத்தவராயன், கீழே இறங்கிய சட்டையைச் சரிசெய்துகொண்டு. பிறகு கைகழுவ எழுந்தார். எல்லம்மா அலமாரியிலிருந்த டெட்டால் பாட்டிலை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சோப்பு போதும்டி," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.